ஷிம் எடுத்தும் அடங்காத ஆட்டம்: காங்கேயத்தில் ஒரு பழைய லேத்தின் ஸ்பிண்டில் பேரிங் வேலை

காங்கேயத்திலிருந்து சென்னிமலை போகும் ரோட்டில் உள்ள ஒரு லேத் (கடைசல்) பட்டறையின் மிஷின் இது; அதன் ஸ்பிண்டில் (வேலையைப் பிடித்துச் சுழற்றும் தண்டு) பேரிங் ஆட்டத்தைச் சரிசெய்யப் போயிருந்தேன். ஆறடி பெட், கோன் புல்லி, ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கில் முன்னால் 60 மி.மீ., பின்னால் 50 மி.மீ. கன்மெட்டல் (செம்புக் கலவை) புஷ், அதாவது பேரிங்காக நிற்கும் உலோக வளையம். பெயர்ப் பலகை எப்போதோ கழன்று போய்விட்டது. வார்ப்பைப் பார்த்தால் பஞ்சாபின் பட்டாலா பக்கத்திலிருந்து வந்த ரகம் போலத் தெரிகிறது. ஒரு காலத்தில் மேலே ஓடும் லைன் ஷாஃப்டிலிருந்து பெல்ட் வாங்கி ஓடியது. இப்போது பின்னால் ஒரு ஃபிரேம் கட்டி அதில் மோட்டாரை ஏற்றியிருக்கிறார்கள்.

காங்கேயம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காளை நினைவுக்கு வரும். லேத் பட்டறைக்குச் சோறு போடுவது அரிசி ஆலையும் தேங்காய் எண்ணெய் மில்லும்தான். எக்ஸ்பெல்லர் ஷாஃப்டு, ஆலைப் புஷ், போர்வெல் மோட்டார் ஷாஃப்டு, எப்போதாவது விசைத்தறிச் சாமான். இந்த வேலைகளுக்கு மைக்ரான் கணக்குத் துல்லியம் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் போர்வெல் மோட்டாரின் புஷ் முட்டை வடிவத்தில் கடைந்து போனால், அந்த மோட்டார் 600 அடி ஆழத்துக்குப் போன பிறகுதான் அது தெரியும். மேலே ஏற்றுகிற செலவு புஷ் விலையைப் போலப் பல மடங்கு.

முறையீடுகள் மூன்று. போர் அடித்தால் (துளையைக் கடைந்து பெரிதாக்கினால்) ஓவல் வருகிறது. பார்ட்டிங் டூல் (ராடை அறுத்துத் துண்டாக்கும் டூல்) வைத்தால் மிஷினே அலறுகிறது. ஃபினிஷ் கட்டில் அலை அலையாக வரி விழுகிறது. பட்டறைக்காரர் ஐம்பதைக் கடந்தவர், அந்த மிஷினிலேயே தொழில் பழகியவர். பார்த்ததும் முடிவையும் சேர்த்தே சொன்னார்: "தம்பி, இந்தக் கன்மெட்டல் சங்காத்தமே வேண்டாமுங்க. ரெண்டு பக்கமும் ரோலர் பேரிங் போட்டு உட்டுருங்க."

எனக்கு முன்னால் வந்த ஒரு மெக்கானிக், பேரிங் ஹவுசிங்கின் மேல் பாதியான கேப்புக்கும் கீழ்ப் பாதிக்கும் நடுவில் இருந்த ஷிம்களை (மெல்லிய தகடுகளை) ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் சில மாதம் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும். கடைசியில் ஷிம் எல்லாம் தீர்ந்து, இரும்போடு இரும்பு முட்டி நின்றது. கேப்பின் முகத்தை அரம் போட்டு இன்னும் கொஞ்சம் இறக்கலாம் என்ற யோசனையும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அதைச் செய்யாமல் விட்டது புண்ணியம். முகத்தை அரத்தால் இறக்கினால் துளை வட்டமாக இருக்காது, கண் வடிவத்துக்குப் போய்விடும். பிறகு அந்த ஹவுசிங்கை மறுபடி போர் அடிக்காமல் எந்தப் புஷ்ஷும் உட்காராது.

கழற்றும் முன்

பேரிங் போய்விட்டது என்று தோன்றுகிற மிஷின்களில் கணிசமானவற்றில் பேரிங் போயிருக்காது. கிராஸ் ஸ்லைடின் (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) ஜிப், அதாவது இடைவெளியை இறுக்கும் பட்டை, தளர்ந்திருக்கும், டூலைப் பிடிக்கும் டூல் போஸ்டின் அடி சரியாக உட்கார்ந்திருக்காது, சக்கின் (வேலையைப் பிடிக்கும் தலை) ஜா வாய் விரிந்து வேலையை, அதாவது கடையும் பொருளை, பின்முனையில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். சக்கில் ஒரு ராடைப் பிடித்து டயல் (நுண்ணிய அசைவைக் காட்டும் முள் கருவி) வைத்து, "அவுட் பத்து அடிக்குது, பேரிங் காலி" என்று சொல்வது பெரும் தவறு. அந்த ராடு காட்டுவது சக்கின் அவுட் (மையம் விலகிய ஓட்டம்). ஸ்பிண்டிலைப் பற்றி அறிய வேண்டுமானால் டயல் முனை ஸ்பிண்டிலைத்தான் தொட வேண்டும்.

ஜிப், டூல் போஸ்ட் இரண்டையும் முதலில் சரிபார்த்தோம். ஜிப் கொஞ்சம் தளர்வு, இறுக்கினோம். அலறல் அப்படியே இருந்தது. அப்புறம் பெல்ட்டைக் கழற்றினோம். பெல்ட் இழுவை இருந்தால் ஸ்பிண்டில் ஒரு பக்கமாக ஒட்டி நிற்கும், அளவு பொய்யாகிவிடும். டயலின் காந்த அடியை ஹெட்ஸ்டாக் வார்ப்பின் மேலேயே, முன் பேரிங்குக்கு ஒட்டி வைத்தோம். பெட் மேல் வைத்தால் ஹெட்ஸ்டாக்கின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். சக்குக்கு அடியில் பெட் மேல் ஒரு மரக்கட்டை, அதன் மேல் நீளமான மர நெம்புகோல். மெதுவாக நெம்பி விட்டால் முள் ஏறி இறங்கும். அந்த ஏற்றம்தான் பேரிங் பிளே (ஆட்டம்).

முன் பேரிங்கில் மேல்-கீழ் 0.15 மி.மீ. பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் 0.09-ஐ ஒட்டி. இந்த அளவு ஜர்னலுக்கு (பேரிங்குக்குள் சுற்றும் ஸ்பிண்டில் பகுதிக்கு) பிளே 0.03-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. அதைப் போல ஐந்து பங்கு இங்கே இருக்கிறது.

இத்தோடு பலர் நிறுத்திவிடுவார்கள். ஸ்பிண்டிலைக் கால் சுற்று திருப்பிவிட்டு மறுபடி நெம்பிப் பார்க்க வேண்டும். திருப்பியதும் 0.15 என்பது 0.18 ஆனது. இன்னொரு கால் சுற்றில் மறுபடி 0.15, அடுத்ததில் மறுபடி 0.18. புஷ் மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்பிண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவுதான் வர வேண்டும், ஏனென்றால் புஷ் சுற்றுவதில்லை. திருப்பும்போது அளவு மாறுகிறது என்றால் சுற்றுகிற பொருளில்தான் கோளாறு. அதாவது ஸ்பிண்டில் ஜர்னலே 0.03 ஓவல். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. ஷிம் எடுத்தும் ஏன் அடங்கவில்லை என்பதற்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. பெரிய விட்டத்துக்கு 0.02 பிளே வரும்படி இறுக்கினாலும், கால் சுற்று கழித்துச் சிறிய விட்டம் வரும்போது 0.05 ஆகிவிடும். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இறுகி இரண்டு முறை தளரும். போரில் வந்த ஓவலுக்கு வேறெங்கும் காரணம் தேட வேண்டியதில்லை.

மேல்-கீழ் மட்டும் ஏன் அதிகம் தேய்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்க டூலில் கடையும்போது வேலை டூலைக் கீழே அமுக்குகிறது. டூல் வேலையை மேலே தள்ளுகிறது. மைல்டு ஸ்டீலில் ஒரு மி.மீ. ஆழம், சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீட் (டூல் நகர்வு) போட்டால் அந்தத் தள்ளு விசை சுமார் 40-50 கிலோ. சக்கும் ஸ்பிண்டிலும் தங்கள் எடையால் கீழே உட்கார்ந்திருக்கும். விசை எடையைத் தாண்டினால் மேலே போய்க் கேப்பில் ஒட்டும். மிக லேசான கட்டில் ஸ்பிண்டில் கீழேயே இருக்கும், சத்தம் இல்லை. கனமான கட்டில் மேலே ஒட்டிக்கொள்ளும், அப்போதும் பெரிதாகச் சத்தம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள கட்டில்தான் மேலும் கீழும் துள்ளும். "பெருசா வெட்டுனா நல்லாத்தான் போகுது, நடுவாந்தரமா வெட்டுனாத்தான் கத்துதுங்க" என்று பட்டறைக்காரர் சொன்னதை அவரே நம்பாமல் சொன்னார். அது முற்றிலும் சரியான அவதானிப்பு.

இதை உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. பார்ட்டிங் டூலைக் கிராஸ் ஸ்லைடின் பின்பக்கத்தில் தலைகீழாகப் பிடித்து, ஸ்பிண்டிலை வழக்கமான திசையிலேயே ஓட்டி வெட்ட வேண்டும். பின்பக்கத்தில் வேலை மேல்நோக்கிப் போகிறது, டூல் அதைக் கீழே அமுக்குகிறது. ஸ்பிண்டில் எடையும் விசையும் ஒரே பக்கம் சேர்கின்றன. அப்படி வெட்டியபோது அலறிக்கொண்டிருந்த அதே மிஷின் சத்தமில்லாமல் ஒரு 40 மி.மீ. ராடை அறுத்துப் போட்டது. (ரிவர்ஸில் ஓட்டி இதைச் செய்யாதீர்கள். மரை போட்டு ஏற்றும் சக் என்றால் கழன்று மடியில் விழும்.)

திறந்த பிறகு

கேப்பைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஆயில் துளை. மேல் மூடி இல்லை. அதன் வாயில் யாரோ காட்டன் வேஸ்ட் திணித்திருந்தார்கள், தூசி போகாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில். அந்தப் பஞ்சு ஆயிலோடு வார்ப்பிரும்புத் தூளையும் எமரித் தூளையும் (கிரைண்டர் கல்லின் தூள்) பிடித்துக்கொண்டு கறுப்பு மெழுகாக இறுகியிருந்தது. விரலில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்றது. பேரிங்குக்கு ஊற்றிய ஆயிலும் வண்டியிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயில்தான். லேத்தை ஒட்டி இரண்டு அடி தூரத்தில் பெஞ்ச் கிரைண்டர்.

மென்மையான கன்மெட்டல் தேய்ந்து கடினமான ஸ்பிண்டில் தப்பிக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்போம். ஆயிலில் எமரி கலந்துவிட்டால் கதை திரும்பிவிடும். துகள்கள் மென்மையான புஷ்ஷில் பதிந்து நிலையாக உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் புஷ் ஒரு லேப்பிங் கருவி. சுற்றுகிற ஸ்பிண்டிலைத்தான் அரைத்துத் தள்ளும். இந்த ஸ்பிண்டில் கடினப்படுத்தாத ஸ்டீல் வேறு.

மைக்ரோமீட்டரில் பார்த்தோம். புஷ் தொடாத ஓரப் பட்டையில் 59.98. நடுவில் ஒரு திசையில் 59.93, அதற்குச் செங்குத்தாக 59.90. கேப் மூடிய நிலையில் புஷ்ஷின் துளை மேல்-கீழ் 60.08, பக்கவாட்டில் 60.01. நெம்பிப் பார்த்த கணக்கோடு சரியாகப் பொருந்தியது. பின் பேரிங்கில் தேய்மானம் குறைவு, அதுவும் கீழ்ப் பாதியில். முன்முனை மேலே தூக்கப்படும்போது பின்முனை கீழே அழுந்துகிறது, அதனால்தான்.

மூன்று வழி இருந்தது. புஷ் மட்டும் புதிதாகப் போடுவது மலிவு. ஆனால் ஓவலான ஜர்னலில் புதுப் புஷ் போடுவது காசைக் கிணற்றில் போடுவது. முதல் நாளே 0.03 ஆட்டத்தோடுதான் ஆரம்பிக்கும். அதைப் பேசவே வேண்டியதில்லை.

ரோலர் மாற்றம் பற்றி மட்டும் நிதானமாக உட்கார்ந்து பேசினோம். 60 மி.மீ. ஸ்பிண்டிலுக்கு மெல்லிய டேப்பர் ரோலர் என்றால் 32012 என்ற எண்ணுள்ள பேரிங், வெளி விட்டம் 95. இப்போதுள்ள புஷ்ஷின் வெளி விட்டம் 76. ஆக, பக்கத்துக்கு ஒன்பதரை மி.மீ. வார்ப்பைக் கடைந்து எடுக்க வேண்டும். கேப் போல்ட்கள் போகிற இடத்துக்கு அருகில் சுவரே மிஞ்சாது. அதைவிடப் பெரிய சிக்கல், இது இரண்டாகப் பிளந்த ஹவுசிங். ரோலர் பேரிங்கின் வெளி வளையம் மெல்லியது. கேப்பை இறுக்கினால் அது ஹவுசிங்கின் வடிவத்துக்கு நசுங்கும். துளை கொஞ்சம் வட்டம் தப்பினாலும் ரோலர் அதை அப்படியே வேலையில் எழுதிவிடும். போதாததற்கு ஜர்னல் எப்படியும் கிரைண்டிங் ஆக வேண்டும், அப்போது அது 60-க்குக் கீழே போய்விடும். ஹார்டு குரோம் ஏற்றி மறுபடி 60-க்குக் கொண்டுவர வேண்டும். ரோலருக்கென்றே வடிவமைத்த ஹெட்ஸ்டாக்கில் ரோலர் அருமை. 500 ஆர்.பி.எம். தாண்டாத இந்த கோன் புல்லி மிஷினில் அது கொண்டுவரப்போகும் லாபம் என்ன என்று கேட்டேன். பட்டறைக்கார அண்ணன் கொஞ்ச நேரம் கேப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நீங்க சொல்ற மாதிரியே பண்ணுங்க" என்றார். முழு மனதோடு சொன்னார் என்று சொல்ல மாட்டேன்.

எனவே மூன்றாவது வழி: ஸ்பிண்டிலைக் கிரைண்டிங் செய்து வட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் அளவுக்குப் புதுப் புஷ் செய்வது.

ஸ்பிண்டில்

உள்ளே துளை உள்ள ஸ்பிண்டிலைச் சென்டரில் பிடிக்க இரு முனையிலும் ஸ்டீல் பிளக் அடித்தோம். கவனிக்க வேண்டியது இங்கேதான். பிளக்கில் சென்டர் போடும்போது, சக்கின் பேக்பிளேட் உட்காரும் முன் தோள்பட்டையும் தேயாத அந்த ஓரப் பட்டையும் டயலில் 0.01-க்குள் ஓடும்படி வைத்துத்தான் போட வேண்டும். ஏதோ ஒரு மையத்தைப் பிடித்துக் கிரைண்டிங் செய்தால் ஜர்னல் கண்ணாடி மாதிரி வரும், ஆனால் மூக்கு (சக் ஏறும் முன்முனை) ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும். கோவை கணபதியில் சிலிண்ட்ரிக்கல் கிரைண்டிங் எடுக்கும் ஒரு பட்டறையில் கொடுத்தோம். இதைச் சொல்லித்தான் கொடுத்தேன். பக்கத்தில் நின்றும் பார்த்தேன். முன் ஜர்னல் 59.70, பின் ஜர்னல் 49.70. பழைய கீறல் முழுக்கப் போக அவ்வளவு தேவைப்பட்டது. புஷ் எப்படியும் புதிது என்பதால் குரோம் வேண்டியிருக்கவில்லை.

புஷ்ஷுக்கு பாஸ்பர் பிரான்ஸ் போடலாமே, அதுதானே உயர்ந்தது என்று பட்டறையில் கேட்டார்கள். உயர்ந்ததுதான், கடினப்படுத்திய ஷாஃப்டுக்கு. கடினப்படுத்தாத ஸ்பிண்டிலுக்கு ஈயம் கலந்த கன்மெட்டல் போதும்: செம்பு 85, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலா 5. தேய்வதாக இருந்தால் மாற்றக்கூடியது தேயட்டும். குறிச்சி சிட்கோ பக்கம் பம்ப் புஷ்ஷுக்கு வார்க்கிற அதே உலோகம்தான், கிடைப்பதில் சிரமமில்லை.

புஷ்ஷை முழு வளையமாகக் கடைந்துவிட்டு நடுவில் அறுத்தால், அறுத்த வாய் அளவுக்கு வட்டம் குறைந்துவிடும். அதனால் முதலில் இரண்டு பாதியாக அறுத்து, முகங்களை மட்டம் செய்து, சால்டர் வைத்து ஒட்டி, ஒரே துண்டாகக் கடைந்தோம். கடைந்து முடித்துச் சூடு காட்டினால் இரண்டும் பிரிந்துவிடும், வட்டம் கெடாது. உள்விட்டத்தில் ஸ்கிராப்பிங்குக்கு மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தோம். கேப்புக்கு அடியில் பித்தளை ஷிம் அடுக்கு. பின்னால் ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

ஆயில் துளை கேப்பின் உச்சியில் இருக்கிறது. வெட்டும்போது அழுத்தம் விழுவதும் அதே உச்சியில்தான். அழுத்தம் விழும் இடத்தில் ஆயில் உள்ளே புகுவது கடினம். துளையை மாற்றுவதற்குப் பதிலாக, இரண்டு பாதியும் சேரும் கோட்டில் இருபுறமும் ஆயில் தங்க ஆழமில்லாத பள்ளம் வெட்டி, துளையிலிருந்து அதற்கு ஒரு வாய்க்கால் விட்டோம். பள்ளத்தை விளிம்பு வரை கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் ஆயில் வெளியே ஓடிவிடும்.

புளூவும் ஸ்கிராப்பரும்

கேப் இல்லாமல் கீழ்ப் பாதிகளை மட்டும் ஹவுசிங்கில் உட்கார வைத்து, ஜர்னலில் விரலால் புளூவை (தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) மிக மெல்லியதாகத் தடவி, ஸ்பிண்டிலை இறக்கிக் கால் சுற்று ஆட்டி எடுத்தோம். முதல் பதிவில் முன் புஷ்ஷின் இரு விளிம்பிலும் மட்டும் நீலம். நடு முழுக்க வெறும் செம்பழுப்பு. ஸ்பிண்டில் இரண்டு விளிம்பில் பாலம் போலத் தொங்குகிறது என்று அர்த்தம். நீலம் பட்ட இடத்தை மட்டும் அரைவட்ட ஸ்கிராப்பரால் சீவ வேண்டும். சீவல் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்தால் அதிகம் எடுக்கிறோம். பொடியாக உதிர்ந்தால் சரி. துடைத்து, புளூ தடவி, மறுபடி இறக்கு. நீலம் மெல்ல மெல்ல நடுவுக்கு நகர்ந்து, பெரிய திட்டுகள் உடைந்து பொட்டுப் பொட்டாகப் பரவும். பட்டறையில் வேலை பழகும் பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸ்கிராப்பரைக் கேட்டு வாங்கினான். கை நடுங்கவில்லை, நல்ல பையன்.

ஸ்பிண்டிலின் அச்சு பெட்டுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதும் கீழ்ப் பாதியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மேல் பாதியைத் தொடும் முன்பே ஸ்பிண்டிலின் மோர்ஸ் டேப்பர் (கூம்புத் துளை) வாயில் டெஸ்ட் மேன்ட்ரல் (சோதனைத் தண்டு) போட்டு 300 மி.மீ. தூரத்துக்குப் பார்த்தோம். லேத்துக்கான ஐ.எஸ்.ஓ. 1708 சோதனை முறையில், மேன்ட்ரலின் வெளிமுனை மேல்நோக்கியும் டூல் பக்கமாகவும் சாயலாம். எதிர்த்திசையில் சாயக் கூடாது. மேல்நோக்கி 300-க்கு 0.02 வரை அனுமதி. நமக்கு முனை 0.03 கீழே தொங்கியது. பின் புஷ்ஷின் கீழ்ப் பாதியை இன்னும் கொஞ்சம் சீவி இறக்கியதும் முனை 0.01 மேலே வந்தது. டயலைக் கேரியேஜ் (டூலைச் சுமந்து நீளவாக்கில் ஓடும் பகுதி) மேல் வைக்காமல் டெயில்ஸ்டாக் (வேலையின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) ஓடும் தடத்தில் வைத்து இழுத்தோம், ஏனென்றால் சக்கை ஒட்டிய பகுதியில் கேரியேஜ் தடம் தேய்ந்திருக்கிறது.

அப்புறம் கேப்புகள். ஷிம் அடுக்கிக் கட்டி, நெம்பிப் பார்த்து, முன் பேரிங் பிளே 0.03-க்குக் கொண்டுவந்தோம். நான்கு கால் சுற்றிலும் ஒரே அளவு. பின்னால் இருந்த 51109 த்ரஸ்ட் பேரிங்கின் (நீளவாக்குத் தள்ளலைத் தாங்கும் பேரிங்) ஓட்டத் தடத்தில் குழி விழுந்திருந்ததால் அதையும் மாற்றினோம், விலை பெரிதில்லை.

ஓட்டிப் பார்த்தது

வடிகட்டிய புது ஆயில், 68 கிரேடு. குறைந்த வேகத்தில் ஆரம்பித்து, கை வைத்துக் கை வைத்துப் பார்த்து, படிப்படியாக ஏற்றினோம். உச்ச வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு முன் பேரிங் 45 டிகிரியை ஒட்டி நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. பட்டறைக்குள்ளேயே 33 டிகிரி வெயில் என்பதால் அது நல்ல அளவு. வடிந்த முதல் ஆயிலில் கொஞ்சம் மஞ்சள் மினுமினுப்பு இருந்தது; மாற்றிவிட்டோம்.

ஸ்பிண்டில் மூக்கு 0.01-க்குள் ஓடியது. பேக்பிளேட்டை அதன் இடத்திலேயே வைத்து முகத்தை ஒரு கட் எடுத்துவிட்டுச் சக்கை ஏற்றினோம். டெயில்ஸ்டாக் இல்லாமல் 50 மி.மீ. ராடை 150 நீளத்துக்கு வெளியே நீட்டிக் கடைந்ததில் இரு முனைக்கும் வித்தியாசம் 0.01. வட்டத்தை மைக்ரோமீட்டரில் மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். மூன்று மேடு உள்ள வேலை மைக்ரோமீட்டருக்கு வட்டமாகத்தான் தெரியும். வி-பிளாக்கில் வைத்து டயலுக்கு அடியில் உருட்டிப் பார்த்தோம். முள் ஒரு கோட்டுக்குள் அடங்கியது. பார்ட்டிங் டூலை முன்பக்கமே வைத்து அறுத்தபோது சத்தம் வரவில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு ராடைச் சக்கில் மாட்டி, தானே ஒரு முறை அறுத்துப் பார்த்தார்.

மொத்தச் செலவு, ரோலர் மாற்றத்துக்கு அவருக்கு முன்பு சொல்லப்பட்ட தொகையில் பாதிக்கும் குறைவு. ஆயில் துளைகளுக்கு மூடியுள்ள கப் போட்டு, உள்ளே ஃபெல்ட் திரி வைத்தோம். பெஞ்ச் கிரைண்டர் பட்டறையின் எதிர்ச் சுவருக்குப் போனது. புதுப் புஷ் ஓடிப் படிந்த பிறகு பிளே 0.05-ஐ ஒட்டி வந்தது. ஒரு மெல்லிய ஷிம்மை எடுத்ததும் மறுபடி 0.03. இந்த முறை அந்த ஷிம் எடுத்தது பலித்தது, ஏனென்றால் உள்ளே சுற்றுவது வட்டமாக இருக்கிறது.

மிச்சம் இருப்பது பெட். சக்கிலிருந்து ஒன்றரை அடி தூரத்துக்கு முன் தடம் பள்ளம் விழுந்திருக்கிறது, 300 மி.மீ. நீளம் கடைந்தால் அதனால் 0.04 டேப்பர் வருகிறது. பேரிங் வேலை இதைத் தொடாது. பெட் கிரைண்டிங் என்றால் மிஷினைப் பெயர்த்துக் கோவைக்கு ஏற்ற வேண்டும், பிறகு கேரியேஜ் இறங்கும், லீட் ஸ்குரூ (மரை வெட்டக் கேரியேஜை ஓட்டும் திருகு) உயரம் மாறும், ஏப்ரன் (கேரியேஜின் முன்பெட்டி) முழுக்கத் தூக்கிச் சரிசெய்ய வேண்டும். எக்ஸ்பெல்லர் ஷாஃப்டுக்கு இது போதும், நீளமான மோட்டார் ஷாஃப்டைக் கிரைண்டிங்குக்கு வெளியே கொடுத்துக்கொள்கிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். இப்போதைக்கு அப்படியே ஓடுகிறது.